அபாயங்கள்: பாறை, சொறிமீன், ஆன்ட்டி

ஜூலை 7, திங்கள்

ஊரில் சொல்லிக்கொள்வதுபோல் நான் அலைக்குக் குடை காட்டுவதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலை ஜெபமாலை சொல்வதற்காக மாடி வராந்தாவில் உட்காருகிறேன். வராந்தா கிழக்கே பார்த்தது. சூரியன் கிழக்கே உதிக்கிறது. அது என் ஏற்பாடு அல்ல. ஆகவே கறுப்புக் குடை. காகம் வந்தால் குடையை ஒருமுறை உயர்த்தி இறக்குகிறேன். அதற்குப் பிறகு கடலில் பெரிய அலை வந்தால் அதற்குக் காகம்தான் பொறுப்பு.

மீன் கொண்டுவரும் அமலோற்பவம் இன்று கூடையை இறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்து ரெண்டு தடவ குடையத் தூக்குனீயளாம் மாமி. பயலுவ எல்லாம் பலகையோட பாய்ஞ்சிட்டானுவளாம். நாளைக்கு எப்பத் தூக்குவீய? எங்க வீட்டுல பெங்களூர்க்காரப் பிள்ளைய ரெண்டு தங்கியிருக்கு, கேட்டுட்டு வரச் சொல்லிச்சு."

"நான் தூக்குவதில்லை."

"சரி மாமி. தூக்காம எப்பத் தூக்குவீய?"

விளமீனுக்குக் கண் கலங்கியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ரெக்ஸ்லின் வந்தான். வள்ளக்காரர் சூசையின் மகன். கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அலைமேல் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறான். முப்பது வயது தாண்டியும் சட்டை போடும் பழக்கம் வரவில்லை. வாசலிலேயே நிறுத்தி, போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான் இல்லை.

"கோவப்படாதீங்க ஆன்ட்டி. நீங்கதான் எங்களுக்குக் கணியம்."

கணியம் எனக்குத் தெரியும். கடல்மேல் அடையாளம் எழுத முடியாது. அதனால் கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று மீன்பிடிக்கப் போகிறவர்கள் கண்டுகொள்வார்கள். தண்ணீருக்கடியில் கோயில் பார் என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதன்மேல்தான் நல்ல அலை எழுகிறதாம். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் உள்ள கோயில் கோபுரத்துச் சிலுவை, என் குடைக்கு நேர் மேலே வந்து நின்றால், பலகையில் இருப்பவன் சரியான இடத்தில் இருக்கிறான். வடக்கே பிசகினால் பாறை. தெற்கே பிசகினால் அலையே எழாத குளம்.

"வீடு இருக்கிறதே. வீட்டை வைத்துக்கொள்வதுதானே?"

"வீடு அகலம் ஆன்ட்டி. நீங்க ஒல்லி. அதுவுமில்லாம அசையவே மாட்டீங்க. எங்கப்பா சொல்லுவாவ, கலங்கரை விளக்குகூடக் கண்ணைச் சிமிட்டும், மச்சாடோ வீட்டம்மா சிமிட்ட மாட்டாவன்னு."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கான்வென்டில் முதுகு நாற்காலியில் படாமல் உட்காரப் பழக்கினார்கள். மதர் இமெல்டா எங்கள் தலையில் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். சில நாள் மறந்தும் போய்விடுவார். நான் ஒருமுறையும் விழவிட்டதில்லை.

ஜூலை 10, வியாழன்

ரெக்ஸ்லின் தன் தொலைபேசியில் ஒரு இணையப் பக்கத்தைக் காட்டினான். நம் கரையில் எங்கெங்கே அலை நன்றாக இருக்கும் என்று யாரோ ஊர் சுற்றி எழுதியிருக்கிறார். தெற்கிலிருந்து வடக்காகப் படித்தேன். படிக்கப் படிக்கத் திருத்தினேன்.

நண்டுக்குழிக்குப் பெயர் 'கிரேஸி கிராப்'. சவுக்குத் தோப்புக் கரைக்குப் பெயர் 'ஹாலிவுட்'. ஒரு தெலுங்குப் படத்துக்கு இரண்டு நாள் அங்கே பாட்டு எடுத்தார்கள், அவ்வளவுதான். சுடுகாட்டுத்துறைக்கு நாலு நட்சத்திரம். 'அமைதியான சூழல், கூட்டம் குறைவு, உள்ளூர்வாசிகள் தொந்தரவு செய்வதில்லை.'

கோயில் பாருக்குப் பெயர் 'ஆன்ட்டி'.

அதன் கீழே இப்படி இருந்தது: 'அலை: இடது கைப்பக்கம் நீளமாக ஓடும். அடித்தளம்: பாறை. கழிப்பறை: இல்லை. அபாயங்கள்: பாறை, சொறிமீன், ஆன்ட்டி.'

ஏன் என்று கேட்டேன். போன வருடம் என் வீட்டு மதிலில் ஈர உடையைக் காயப்போட்ட ஒரு இத்தாலியனிடம் நான் பேசினேனாம். பேசியது நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில்தான் பேசினேன், இலக்கணப் பிழை இல்லாமல். அபாயம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை.

ஜூலை 12, சனி

ஜெராள்டின் பெர்த்திலிருந்து பேசினாள். என் ஒரே மகள். அவளும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிமேல் ரெக்ஸ்லின் கேமரா ஒன்று வைத்திருக்கிறானாம். இன்று அலை எப்படி என்று உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாமாம். அது கரையோரமாக வடக்கே பார்ப்பதால், படத்தின் இடது மூலையில் என் வராந்தாவும் விழுகிறது.

"அம்மா, உன்னைப் பார்த்தேன்! குடை, நாற்காலி, நீலப் புடவை. அசையவே இல்லை. ஆனா நீதான்."

நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு குரலை மாற்றினாள். எனக்குத் தெரிந்த குரல். அவளுடைய அப்பாவின் குரல். மே மாதம் எனக்குத் தலை சுற்றியதை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றவில்லை. அறைதான் சுற்றியது, டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் எனக்காக ஒரு அறையைச் சொல்லி வைத்திருக்கிறாளாம். தோட்டம் பார்த்த அறையாம்.

"இப்பவே போகச் சொல்லலை. தினமும் காலைல நீ வராந்தாவில உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துக்கிறேன். ரெண்டு நாள் சேர்ந்தாப்பல உன்னைக் காணோம்னா, மறு பேச்சு இல்லை. வீட்டைப் பூட்டிட்டு பாளையங்கோட்டை. சரியா?"

இந்த வீட்டை அவளுடைய அப்பா, காலஞ்சென்ற மிஸ்டர் மச்சாடோ கட்டினார். துறைமுக வேலையில் இருந்தபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கல்லை எண்ணிப் பார்த்துக் கட்டினார். கடலைப் பார்க்காத அறையில் நான் தூங்கியதில்லை. தோட்டம் என்பது தலையைச் சுற்றவைக்கும் பச்சை.

சரி என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஞாயிறுதோறும் ஜெராள்டின் பேசுவாள். இந்த ஞாயிறு பேசவில்லை. 'பார்த்துட்டேன் அம்மா' என்று செய்தி, பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

மீன் குழம்புக்குப் புளி போதவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கடற்கரை விளையாட்டுச் சங்கத்திலிருந்து கடிதம். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயில் பாரில் அலைச்சறுக்குப் போட்டி நடக்கப்போகிறதாம். கடிதத்தின் நான்காம் பத்தி: 'மேற்படி அடையாளப் பொருள் (மூதாட்டி, குடையுடன்) போட்டி முடியும்வரை இடம் மாற்றப்படலாகாது.'

சிவப்பு மையில் திருத்தினேன். 'மூதாட்டி' என்பதை அடித்துவிட்டு 'திருமதி ஸ்கொலாஸ்திகா மச்சாடோ' என்று எழுதினேன். 'பொருள்' என்பதையும் அடித்தேன். ஓரத்தில், ஞாயிறு காலை எனக்குத் திருப்பலி உண்டு, ஆகவே நான் இடம் மாறுவேன் என்று குறிப்பிட்டு, கடிதத்தைக் கொண்டுவந்த ரெக்ஸ்லின் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அவன் வாசலில் நின்று படித்தான். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஆன்ட்டி, இலங்கையில இருந்துலாம் ஆள் வருது. நீங்க கோயிலுக்குப் போயிட்டா அம்புட்டு பேரும் பாறையில போயி ஏறிருவாம்."

"எல்லாரும் கோயிலுக்கு வரட்டும். பாறை இல்லை."

ஜூலை 22, செவ்வாய்

சங்கத்தில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்களாம். என் நாற்காலியில் குடையை மட்டும் கட்டி வைக்கலாமா என்று பார்த்தார்கள். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீட்டைச் சுற்றி வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு இலங்கைப் பக்கம் போய்விட்டது. குடைக்குக் கீழே கனமாக ஏதாவது வேண்டும் என்று முடிவாயிற்று. ரெக்ஸ்லினின் மச்சான் தூத்துக்குடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான்.

ஜூலை 24, வியாழன்

பொம்மை வந்துவிட்டது.

கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தும் பொம்மை. கன்னம் ரோஜா நிறம். இமைமயிர் விரல்நீளம். வலது கை 'வாங்க, வாங்க' என்று உயர்ந்தபடி இருக்கிறது; மடக்க வராது. நாற்காலியில் உட்காருவதற்காக இடுப்போடு கழற்றிவிட்டார்கள். கீழ்ப்பாதியைக் கொண்டுவரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அதன் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினேன்.

"பொம்மைதான ஆன்ட்டி," என்றான் ரெக்ஸ்லின்.

"என் வீட்டில் பொம்மையானாலும் ரவிக்கை போட வேண்டும்."

நானே உடுத்திவிட்டேன். நீலப் புடவை, முழுக்கை ரவிக்கை, என் பழைய கறுப்புக் கண்ணாடி, தலையில் முக்காடு. இடது கையில் புதுக் குடையைக் கயிற்றால் கட்டினார்கள். ரெக்ஸ்லின் கடலுக்குள் நீந்திப் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். எல்லாருக்கும் இந்தக் கட்டைவிரல் எங்கிருந்துதான் வந்ததோ.

ஒன்று சொல்ல வேண்டும். முதுகு நாற்காலியில் படவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருப்பலிக்குப் போனேன். மூன்றாம் வரிசை, ஓரம், வழக்கமான இடம். பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர் ஜோவாக்கிம் கொடைக்கானல் பக்கத்துக்காரர். கடற்கரையில் காலை நடைக்குப் போகும்போது வராந்தாவில் என்னைப் பார்ப்பதோடு சரி. பிரசங்கத்தில் ஜெபத்தின் உறுதியைப் பற்றிப் பேசினார்.

"இந்த நேரத்தில், இந்தத் திருப்பலிக்குக்கூட வர முடியாமல், நம் விருந்தினர்களின் உயிருக்காக ஒரு தாய் வராந்தாவில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். காலையில் நான் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். நம்மில் யாருக்கு அந்த நிலைத்த மனம் உண்டு?"

கோயிலில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் தொண்டையைச் செருமினேன். அவர் என்னைப் பார்த்து, நெஞ்சு உருகிவிட்டதென்று எண்ணிக்கொண்டு புன்னகைத்தார்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தால், கோயில் முற்றத்தில் பெரிய திரை கட்டிப் போட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குத் தேநீர்க் குவளை. அமலோற்பவம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க பாருங்க மாமி, எம்புட்டு நேரா இருக்காவன்னு! கையவேற தூக்கி ஆசீர்வாதம் பண்ணுதாவ. நல்ல மனுஷி. வாய்தான்..."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மாமி, நீங்க இங்கனயா இருக்கிய?"

"வாய்தான் என்ன?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அவங்களுக்குத் தங்கையா? அதே சாயல். ஆனா அவங்க முகத்தில ஒரு சாந்தம் இருக்கு," என்றார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். மதிலுக்கு வெளியே பிள்ளைகள் நின்று, வராந்தாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு முன்னால் யாரும் கையாட்டி நான் பார்த்ததில்லை.

ஒருவனும் பாறையில் ஏறவில்லை. இலங்கைக்காரன் ஜெயித்தான்.

ஜெராள்டினின் செய்தி: 'அம்மா, கையெல்லாம் காட்டுறியே! ரொம்ப சந்தோஷமா இருக்கிற மாதிரி இருக்கு. இப்படியே இரு.'

ஜூலை 29, செவ்வாய்

பொம்மையை எடுத்துப்போக ரெக்ஸ்லின் வந்தான். புடவையைத் துவைத்து, பொம்மையையும் துடைத்துத்தான் தருவேன், கடைக்காரர் காத்திருக்கட்டும் என்றேன். அதுவரை அறைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னேன். அது பொய் இல்லை. வராந்தாவும் ஒரு அறைதான். மூன்று பக்கம் சுவர் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

இன்று பொம்மை உட்கார்ந்தது. கீழே இஸ்திரி போடும் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றும். இஸ்திரி முடியவில்லை.

மாடிப்படியை மிஸ்டர் மச்சாடோவின் வரைபடத்தில் இருப்பதைவிட உயரமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மேஸ்திரி ஏமாற்றியிருக்க வேண்டும். ஏழாவது படியில் நின்று ஜெபமாலையின் பத்து மணிகளைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடிகிறது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, காலையில், புடவை மாற்றிவிட மட்டும் ஏறுகிறேன். ஒரே புடவையில் உட்கார்ந்திருந்தால் ஜெராள்டின் என்ன நினைப்பாள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

கீழ் அறை ஜன்னலோரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே ரெக்ஸ்லினின் குரல்.

"ஆன்ட்டி! நீங்களும் இப்ப கை காட்டுதீயளே! பொம்மையப் பாத்துக் கத்துக்கிட்டீங்களோ?"

பக்கத்தில் யாரோ, "மாறிட்டாவல, நல்லா மாறிட்டாவ. முந்தியெல்லாம் பாத்தாலே பயமா இருக்கும்," என்றார்கள்.

நான் கீழே இருந்ததால் பதில் சொல்லவில்லை.

மாலையில் அமலோற்பவம் காசு வாங்காமல் சாளை மீன் வைத்துவிட்டுப் போனாள். நேற்று நான் மேலிருந்து கையைத் தூக்கி அவளை வரவேற்றேனாம். அதற்காகவாம்.

ஆகஸ்ட் 6, புதன்

பொம்மைக்கு மஞ்சள் புடவை. ஜெராள்டினுக்குப் பிடித்திருந்தது. கட்டைவிரல் இரண்டு.

எனக்கு வந்த செய்தியில் எனக்கென்று எதுவும் இல்லை என்று படித்தபிறகு தோன்றியது. என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டு நாளாயிற்று. சாப்பிட்டது சுரைக்காய்.

ஆகஸ்ட் 9, சனி. ஆஸ்பத்திரி

இடது கையில் மாவுக்கட்டு. எழுதும் கை நன்றாக இருக்கிறது. ரெக்ஸ்லினை வீட்டுக்கு அனுப்பி இந்தக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னேன். திறந்து பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். "பாத்தா மட்டும் எனக்கு உங்க எழுத்து புரியுமா ஆன்ட்டி, கம்பி கம்பியா," என்றான். என் எழுத்து கம்பி கம்பியாகத்தான் இருக்கும். அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

நேற்று பொம்மைக்குப் பச்சைப் புடவை கட்டிவிட்டு இறங்கினேன். கடைசிப் படிகளுக்கு வந்தபோது அறை சுற்றியது. நான் விழவில்லை. உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. கை மட்டும் எனக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முயன்றேன், கால் ஒத்துழைக்கவில்லை.

கூப்பிட்டேன். என் குரல் கூப்பிடும் குரல் அல்ல. கான்வென்டில் அதை விட்டுவிடப் பழக்கினார்கள்.

வெளியே ஊர் நடமாட்டம் நன்றாகக் கேட்டது. அமலோற்பவம் வந்தாள். "மாமி, இன்னைக்கு வாவல் மீனு இருக்கு, வேணுமா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். ஒரு நிமிடம் நின்றாள். "சரி, ஜெபம் பண்ணுதிய போல. முடிச்சிட்டு வாங்க," என்று போய்விட்டாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது "டாட்டா ஆன்ட்டி" என்றார்கள். ஃபாதர் ஜோவாக்கிம் நடைப்பயிற்சியில் நின்று, "சேசுவுக்குப் புகழ்" என்றார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவரே "மரியாயே வாழ்க" என்று பதிலும் சொல்லிக்கொண்டார். எல்லாரும் மிக மரியாதையாக இருந்தார்கள். எல்லாரும் எனக்கு ஒரு மாடி மேலே பேசினார்கள்.

ஜன்னல் வழியாக விழுந்த வெயில் சுவரோரம் ஒதுங்கியபோது காற்று எழுந்தது. மேலே நாற்காலி கால் தரையில் உரசுவது கேட்டது. குடை காற்றைப் பிடித்து, நாற்காலியோடு பொம்மையை இழுத்துக்கொண்டு போகிறது என்று புரிந்தது. வடக்கே. மேற்கொண்டு என்ன நடக்கும் என்றும் புரிந்தது. அந்த நிலையிலும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோட்டை நான் இத்தனை வருடம் ஒரு விரற்கடை மாறவிட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் ரெக்ஸ்லினின் கத்தல் வந்தது. அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"ஆன்ட்டி! என்ன ஆன்ட்டி இது? எதுக்கு வடக்க தள்ளி உக்காந்திருக்கீங்க? பயலுவ எல்லாம் பாறையில போயி நிக்கான்! ஒருத்தனுக்கு முட்டி பேந்துபோச்சு!"

மேலேயிருந்து பதில் இல்லை.

"கோவமா ஆன்ட்டி? பொம்மையத் திருப்பிக் கேட்டனே, அதுக்கா? வச்சுக்கிடுங்க, நான் மச்சான்ட்ட பேசிக்கிடுதேன். பழைய எடத்துக்கு மட்டும் வந்துருங்க."

மேலே ஏதோ கைப்பிடிச் சுவரில் மோதும் சத்தம்.

"அப்படி எட்டிப் பாக்காதீங்க ஆன்ட்டி, விழுந்துருவீங்க! சிரிச்சிக்கிட்டே கை காட்டுதீய, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

அவன் குரல் உடைந்தது. என்னிடம் அப்படி யாரும் கெஞ்சியதில்லை. அப்போது எனக்குக் குரல் வந்தது.

"ரெக்ஸ்லின். சட்டை போட்டிருக்கிறாயா?"

"போட்டிருக்கேன் ஆன்ட்டி," என்றான் மேலே பார்த்து. பிறகு மெதுவாக, "லேய், சத்தம் கீழ இருந்துலா வருது," என்றான்.

கதவை உடைத்தார்கள். தேக்குக் கதவு. திறந்து கொடுக்க முடியாத நிலையில் இருந்ததற்கு வருந்துகிறேன்.

சட்டை போட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. ஆஸ்பத்திரி

முந்தாநாள் தரையில் கிடந்தபோது வந்திருந்த செய்தியை நேற்று மாலைதான் படித்தேன். ஜெராள்டின்: 'பச்சைப் புடவை சூப்பர். ஆனா கைப்பிடிச் சுவர்ல அப்படிச் சாய்ஞ்சு எட்டிப் பார்க்காதே அம்மா, பயமா இருக்கு.'

ரெக்ஸ்லினின் அம்மா லில்லியாள் கஞ்சி கொண்டுவந்தாள். எனக்கு அவளை அதிகம் தெரியாது. என் மதிலோரம் வலை காயப்போட்டதற்காக ஒருமுறை பேசியிருக்கிறேன். இப்போது என் தலையைச் சீவிவிட்டாள். சீவும்போது வலித்தது, நான் சொல்லவில்லை, வலிக்கிறதா என்று அவளே கேட்டாள்.

"மகளுக்குச் சொல்லிட்டீயளா மைனி?"

"இல்லை."

"சொல்லாம?"

பக்கத்தில் நின்ற ரெக்ஸ்லின் தொலைபேசியை எடுத்துக் கேமராப் படத்தைக் காட்டினான். கோயில் பாரில் நல்ல அலை. இடது மூலையில் என் வராந்தா. அவன் பொம்மையைப் பழைய இடத்துக்கே நகர்த்தி, நாற்காலிக் காலைக் கட்டி வைத்துவிட்டிருக்கிறான். பலகைக்காரர்களுக்காக. நான் பார்த்தேன். குடைக்குக் கீழே, நேராக, கையை உயர்த்திக்கொண்டு நான் நலமாக இருந்தேன்.

"இப்படியே விட்டா அக்காவுக்குத் தெரியவே தெரியாது ஆன்ட்டி," என்றான். "வேணும்னா நான் டெய்லி சேலை மாத்திவிடுதேன். யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். வீடு உங்க கையிலயே இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னான். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.

யோசித்தான். "எவ்வளவு நாளைக்கு வேணும்னாலும்," என்றான்.

லில்லியாள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவுக்குப் பதில் தற்சமயம் ஒரு அலைப்பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மாடியிலிருந்து பொம்மையை இறக்கச் சொன்னேன். இறக்கிய சிறிது நேரத்திலேயே கடலில் நாலு பேர் வழி தவறியதாகக் கேள்வி. நாளை முதல் அவர்கள் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளட்டும்.

ஜெராள்டினுக்கு எழுதித் தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஜெராள்டின்,

சென்ற வெள்ளிக்கிழமை நான் மாடிப்படியில் விழுந்துவிட்டேன். விழுந்தேன் என்றே எழுதுகிறேன். இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. நீ பச்சைப் புடவையைப் பாராட்டிய நேரத்தில் நான் கீழே தரையில் கிடந்தேன். வராந்தாவில் இருந்தது ஜவுளிக்கடைப் பொம்மை. ஜூலை கடைசியிலிருந்து பெரும்பாலும் அதுதான் இருந்தது. உன் நிபந்தனைக்குப் பயந்து நான் இதைச் செய்தேன். எனக்குத் தலை சுற்றுகிறது. மே மாதமும் சுற்றியது.

பொம்மைக்கு நீ அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படித்தேன். நான் சந்தோஷமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது, நீ சொல்லும் அம்மாவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கை அப்படித் தூக்க வராது.

என் கட்டிலைக் கீழே போட்டாகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கடல் பாதி தெரிகிறது, போதும். லில்லியாள் தினமும் காலையிலும் மாலையிலும் வருவாள். புதுக் கதவு போட்டதும் ஒரு சாவி அவளிடம் இருக்கும். நான் யாரிடமும் சாவி கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகும் நான் பாளையங்கோட்டைக்குத்தான் போக வேண்டும் என்று நீ முடிவு செய்யலாம். உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என்னைப் பார்த்துவிட்டு முடிவு செய். வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார். நான் பேசுவேன்; சில நேரம் கடுமையாகப் பேசுவேன். மூலையில் இருக்கும் படம் அதைச் செய்யாது. இது உன் கைக்கு வரும் முன்பே, நாளை காலை வராந்தா காலியாக இருக்கும். நாளை மறுநாளும் இருக்கும்.

நீ எப்போது வருகிறாய், அதுவரை நான் இந்த வீட்டில் இருக்கலாமா என்ற இரண்டுக்கும் எனக்குப் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். தாளில், உன் கையெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.